வள்ளத்தில வாறது ஆர்?

தைத்து முடித்த சட்டைகளைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாக்கிறட் மூர் வீதிக்குள் திரும்பியபோது, தேத்தண்ணிக்கடை வாசலில் நின்ற மஹ்மூது கையைக் காட்டி அவளை மறித்தார். "தங்கச்சி, சேதி தெரியுமா? உங்கட மனிசன்ட கச்சேரி நாளைக்கு றேடியோவில போகுதாம். பின்னேரம் நாலு மணிக்கு. இப்பதான் சொன்னாங்க. மன்னார் மைதானத்தில ஒலிப்பதிவு செய்தது எண்டு ஊர்ப் பேரையும் சேத்துச் சொன்னாங்க." சொந்தத் தம்பிக்குப் பரிசு விழுந்ததுபோல அவருக்கு வாயெல்லாம் பல். கறுப்புச் சீலையோடு நிற்கிற ஒருத்தியிடம் இதை இப்படிச் சிரித்துச் சொல்லலாமா என்ற யோசனை பிறகுதான் வந்தது போலிருக்கிறது. சட்டென்று முகம் சுருங்கி, தோளில் கிடந்த துவாயை எடுத்துத் ஏற்கெனவே துடைத்துக் கிடந்த வாங்கையே திரும்பத் துடைக்கத் தொடங்கினார்.

மாக்கிறட்டுக்கு அதொன்றும் கண்ணில் படவில்லை. கச்சேரியும் நினைவில் வரவில்லை, புருசன் பாடியதும் வரவில்லை. பிள்ளை குஞ்சு அதில் இருப்பாளா, இல்லையா? அந்த ஒரு கேள்விதான் தலைக்குள் நின்று சுற்றியது. மஹ்மூதின் மனைவி உம்மு குல்சூமிடம் சட்டைகளைக் கொடுத்ததும் தெரியாது, அவள் ஏதோ கேட்டதற்கு ஓம் என்று தலையாட்டியதும் தெரியாது. வீதியில் படுத்திருந்த கழுதையொன்றில் கால் தட்டுப்பட்ட பிறகுதான் தான் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

அந்தக் கச்சேரி தை மாதம் நடந்தது. அவளுடைய புருசன் பஸ்ரியன் மீன்பிடி ஊரான பள்ளிமுனையில் பிறந்தும் கடலுக்கு உதவாதவன். வள்ளத்தில் ஏறினால் கரை மறைய முதலே சத்தியெடுப்பான். கோயில் பாடகர் குழுவில் கிடந்த ஒரு கிற்றாரைத் தொட்டுத் தொட்டுப் பழகி, கொழும்புக்கு ஓடி, அங்கே ஒரு பொப் கோஷ்டியில் எலெக்ரிக் கிற்றார் அடிக்கிறவனாகிவிட்டான். தோள்வரை தலைமயிர், கால் மறைக்கிற பெல்பொட்டம். "பள்ளிமுனை றோட்டைக் கூட்ட விளக்குமாறு வேண்டாம், எங்கட அண்ணன் ஒருக்கா நடந்தால் காணும்" என்று தம்பி சிங்கராசா பகிடி விடுவான். வாத்தியங்களின் இடியோசைக்குள் பஸ்ரியன் என்ன பாடுகிறான் என்று ஒருவருக்கும் விளங்காது. ஆனாலும் பெடியள் எழும்பி ஆடினார்கள், பேப்பரில் படம் வந்தது, அது போதாதா? அந்தக் கோஷ்டிதான் மன்னாருக்கு வந்தது. வானொலிக்காரர் வான் ஒன்றில் வந்து மேடையைச் சுற்றி மைக் கட்டினார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒலிநாடா சுற்றுகிற மெசினுக்கு முன்னால், காதுப் போனை மாட்டிக்கொண்டு, நடராசா என்ற ஒரு மெல்லிய மனிசர் குந்தியிருந்தார்.

மாக்கிறட் பிள்ளையோடு முன்வரிசையில் இருந்தாள். பிள்ளைக்கு அன்ரோனெற் என்று ஞானஸ்நானப் பேர், வாயில் வருவது குஞ்சு. நடை பழகி முடித்து ஓட்டம் பழகிக்கொண்டிருந்த வயது. முதல் இரண்டு பாட்டும் எப்படியோ போய்விட்டது. மூன்றாவது பாட்டில் டிறம் அடிக்கிறவனுக்குப் பேய் பிடித்தது. பெட்டிகளெல்லாம் அதிர, குஞ்சு நெருப்புப் பட்டதுபோலக் கத்தத் தொடங்கினாள். அப்படியொரு கத்தல்! மாக்கிறட் பிள்ளையின் வாயைத் தோளோடு அமத்திப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், ஒன்றும் சரிவரவில்லை. பின்னால் இருந்த மார்த்தா மாமி, "பச்சைப்பிள்ளையை இதுக்குள்ள ஏன் கொண்டந்தனி? றேடியோ பிடிக்கிறாங்களெல்லே, அவன்ர பிழைப்பிலயே மண்ணள்ளிப் போடுறாய்" என்று முதுகில் இடித்தாள்.

அப்போதுதான் பஸ்ரியன் கையைத் தூக்கினான். பாட்டு நடுவில் நின்றது. அவன் கிற்றாரிலிருந்து வயரைப் பிடுங்க, பெட்டிகளில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. சனம் ஊவென்று விசிலடித்தது. அவன் அதைக் கவனிக்காமல், யாரோ கொண்டுவந்து மூலையில் சாத்தியிருந்த வெறும் மரக் கிற்றார் ஒன்றை எடுத்துக்கொண்டு மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடி இருந்தான். வீட்டில் பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டு பாடுகிற, அவனே கட்டிய பாட்டுத்தான். "வலை வீசப் போன வள்ளம் வந்து சேருது, வாடைக் காத்தே நீ கொஞ்சம் பொறுத்து வீசு" என்று தொடங்கினான். குஞ்சு அழ, அவன் நிறுத்துவான். அவள் மூச்சிழுக்க, அவன் ஒரு வரி பாடுவான். மைதானம் முழுக்க அப்பனும் பிள்ளையும்தான் என்பதுபோல அவன் அவசரப்படவேயில்லை. விசிலடித்த சனமெல்லாம் எப்போது அடங்கியதென்று ஒருவருக்கும் தெரியாது. அழுகை விக்கலாகி, விக்கலும் ஓய்ந்து வந்த நேரம் அவன் பிள்ளையைப் பார்த்து, "வள்ளத்தில வாறது ஆர்?" என்று பாடி நிறுத்தினான். வீட்டில் கேட்கிற கேள்விதான் அது. "ப்பா!" என்றாள் குஞ்சு, மைதானத்துக்கே கேட்கும்படி. சனம் கொல்லென்று சிரித்துக் கை தட்டியது. அந்தக் கைதட்டல் ஓய வெகுநேரம் எடுத்தது.

பெத்தவளுக்கு அந்த நேரம் பூரிப்பாக இருந்திருக்க வேண்டாமா? மாக்கிறட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோஷ்டித் தலைவரின் முகம் கறுத்துப்போயிருந்ததை அவள் கண்டாள். மார்த்தா மாமி சொன்னது முதுகில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. கச்சேரி கலைந்ததும், நித்திரையாய்ப் போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே நடராசாவிடம் ஓடினாள்.

"ஐயா, பிள்ளையின்ர சத்தம் எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டுது. அதை வெட்டிப்போடுங்கோ ஐயா. கேக்கிற சனம் அவரைப் பகிடி பண்ணும்."

நடராசா காதுப் போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு சிரித்தார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. ஒரு விக்கல் கூட மிஞ்சாமல் வெட்டித் தாறன். இதுதானே எங்கட வேலை."

அவள் திரும்பி வந்தபோது மேடைக்குப் பின்னால் கோஷ்டித் தலைவருக்கும் பஸ்ரியனுக்கும் நடந்த சண்டை முடிந்திருந்தது. கோஷ்டியின் வான் பஸ்ரியனை ஏற்றாமலே புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவன் என்னடாவென்றால் கவலைப்படாமல் மணலில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். "இவ்வளவு காலமும் நான் சத்தம்தான் போட்டிருக்கிறன் மாக்கிறட். இண்டைக்குத்தான் பாடினனான். குஞ்சுதான் பாட வச்சவள். இனி நான் இப்பிடித்தான் பாடப்போறன், வாறது வரட்டும்" என்றான். மாக்கிறட் நடராசா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய் வெட்டாதேங்கோ என்று சொல்லியிருக்கலாம். வானொலிக்காரர் அப்போதும் வயர் சுற்றிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் வெட்டு என்றவள் இப்ப வேண்டாம் என்கிறாளே, இவளுக்கு விசரா என்று அந்த மனிசர் நினைப்பாரே என்ற கூச்சம் காலைப் பிடித்துக்கொண்டது. வெட்டினால்தான் என்ன, பிள்ளை வீட்டில்தானே இருக்கிறாள், கேட்கிற நேரமெல்லாம் கத்துவாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பாவி அப்படித்தான் நினைத்தாள்.

மாசியில் குஞ்சுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆசுப்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள், பிள்ளை தங்கவில்லை. சின்னப் பெட்டி, பஸ்ரியனே கையில் ஏந்திக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து ஏணைச் சீலையை அவிழ்த்து, அதாலேயே தன்னுடைய கிற்றாரைச் சுற்றி அலுமாரிக்கு மேல் போட்டான். அடுத்த கிழமை சிங்கராசாவோடு கடலுக்குப் போகத் தொடங்கினான். சத்தியெடுத்துச் சத்தியெடுத்தே போய்வந்தான். சிங்கராசா பகிடி விடுவதை நிறுத்திவிட்டான். குஞ்சின் ஞானஸ்நானப் படமொன்று சுவரில் இருக்கிறது. படத்துப் பிள்ளை கதைக்குமா? அவளுடைய குரல் உலகத்தில் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. அதைத்தான் மாக்கிறட் தன் வாயாலேயே வெட்டச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இதை அவள் பஸ்ரியனிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பாள், சோறு போடட்டோ என்று கேட்டுவிட்டு எழும்பிப் போவாள். மாதாவிடம் மட்டும் முழங்காலில் நின்று மன்றாடினாள். அந்த நடராசா ஒரு வேலைக்கள்ளனாக இருக்கவேணும் தாயே. சொன்னதை மறக்கிற மனிசனாக, இண்டைக்குச் செய்வம் நாளைக்குச் செய்வம் என்று தள்ளிப்போடுகிற சோம்பேறியாக இருக்கவேணும். உலகத்தில் ஒருத்தி இன்னொருவனுக்கு இப்படியும் வரம் கேட்பாளா? அவள் கேட்டாள்.

பள்ளிமுனையில் தபசுகாலம், யேசுவின் பாடுகளை நினைத்து நோன்பிருக்கிற நாற்பது நாள், தொடங்கியிருந்தது. அங்கே அதற்கொரு வழக்கம் உண்டு. விபூதிப் புதன் பூசை முடிந்து வந்த கையோடு, நெற்றியில் சாம்பல் காய முதலே, வீட்டுக்கு வீடு றேடியோவிலிருந்து பற்றரியைக் கழற்றி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவார்கள். உயிர்த்த ஞாயிறு விடியுமட்டும் பாட்டுமில்லை, வாத்தியமுமில்லை. மறந்துபோய் யாராவது சீட்டி அடித்தாலும் பக்கத்து வேலியிலிருந்து செருமல் கேட்கும்.

அன்று பின்னேரம் கடலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் மாக்கிறட் சொன்னாள். "இஞ்சேருங்கோ, தை மாதக் கச்சேரியை நாளைக்கு றேடியோவில போடினமாம். மஹ்மூது நானா சொன்னவர்."

அவனுடைய கையில் வாளி அப்படியே நின்றது. "தபசுகாலத்தில பாட்டுக் கேக்கிறேல்ல."

"உம்மு குல்சூம் அக்கா வீட்ட போய்க் கேக்கலாம். அவைக்குத் தபசு இல்லைத்தானே."

"நீ போறதெண்டால் போ. என்னைக் கேளாதை. அந்தக் குரலை நான் கேட்டனெண்டால், அடுத்தநாள் கடலுக்குப் போனாத் திரும்பி வரமாட்டன்." தண்ணீரைக் காலில் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "குஞ்சு அதில இருப்பாள், என்ன?" என்று கேட்டான்.

இப்ப சொல்லு, இப்ப சொல்லிப்போடு என்று மனம் உந்தியது. "இருப்பாள்" என்றாள்.

"கேட்டிட்டு வந்து சொல்லு."

மறுநாள் உம்மு குல்சூம் நாலு மணிக்கு முதலே றேடியோவின் மேல் கிடந்த பூத்துணியை எடுத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரி புள்ள" என்றாள். மாக்கிறட் கதிரையில் இருக்கவில்லை. றேடியோவுக்குக் கிட்டவாக நிலத்தில் இருந்து, காதை அதில் தட்டுப்படுமளவுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். மன்னார் மைதானத்தில் அன்று ஒரு பொப் பாடகன் புதியதொரு வழியில் காலெடுத்து வைத்தான், நேயர்களே, அந்தக் கணம் அப்படியே நாடாவில் பதிவாகியிருக்கிறது என்று அறிவிப்பாளர் இனிக்க இனிக்கச் சொன்னார். முதலாவது பாட்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. பாட்டை யார் கேட்டது? பாட்டுக்குப் பின்னால், சனத்தின் இருமலுக்கும் செருமலுக்கும் நடுவில், அவள் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு சிணுங்கல். ஒரு மூக்குறிஞ்சல். எதுவென்றாலும் போதும்.

மூன்றாவது பாட்டு. டிறம் இடித்தது. இந்தா, இப்ப கத்துவாள், இந்தா. மாக்கிறட் தன் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். டொக் என்ற சத்தம் வந்தது.

"என்ன, கரண்ட் போயிட்டா?" என்றாள் உம்மு குல்சூம்.

மாக்கிறட் சீலையை எடுத்து, "இல்லையக்கா. வயரைக் கழட்டினவர்" என்றுவிட்டுத் திரும்பத் திணித்தாள்.

சனம் விசிலடித்தது. மரக் கிற்றார் மெல்லக் கேட்டது. வலை வீசப் போன வள்ளம் வந்து சேருது. அடுத்த வரி உடனே வந்தது. அதற்கடுத்ததும் உடனே வந்தது. அன்று அவன் காத்திருந்து காத்திருந்து பாடிய வரிகள், ஒட்டுப்போட்ட இடமே தெரியாமல், ஒரு மூச்சில் பாடியதுபோல வழுவழுவென்று வந்துகொண்டிருந்தன. குஞ்சு அழுத இடமெல்லாம் போயிருந்தது. விக்கியதும் போயிருந்தது. நடராசா வேலைக்கள்ளன் இல்லை. சொல் தவறாத மனிசர். ஒரு ஏழைப் பொம்பிளை தோளில் பிள்ளையோடு வந்து கேட்டாளே என்று இரக்கப்பட்டு, இருந்து பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார். அவரை நோகவும் முடியாது.

"வள்ளத்தில வாறது ஆர்?" என்று றேடியோவில் பஸ்ரியன் கேட்டான்.

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இருந்த இடத்தில் ஒன்றுமேயில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு மைதானம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. கை தட்டியது. சிரித்துச் சிரித்துத் தட்டிக்கொண்டேயிருந்தது.

உம்மு குல்சூம் அன்று கச்சேரிக்குப் போகவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கி, "ஏம்புள்ள இந்தச் சனம் சிரிக்கிது?" என்று கேட்டாள்.

மாக்கிறட் வாயிலிருந்து சீலையை எடுத்தாள். பிறகு, "என்ர பிள்ளை கதைச்சவள் அக்கா" என்றாள்.

"எப்ப? எனக்கொண்டும் கேக்கல்லயே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. குஞ்சை அடக்கம் செய்த அன்றுகூட இப்படி அழவில்லை. அன்று பிள்ளையைக் கொண்டுபோனது காய்ச்சல். இன்று கொண்டுபோனது அவளுடைய நாக்கு. நிலத்தில் நெற்றியை முட்டி முட்டி, "நானெல்லே வெட்டச் சொன்னனான், நானெல்லே" என்று அரற்றினாள். உம்மு குல்சூமுக்கு ஒன்றும் முழுதாய் விளங்கவில்லை. ஆனாலும் றேடியோவை நிறுத்திவிட்டு, அவளை அப்படியே மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். போகும்போது முகம் கழுவத் தண்ணி வார்த்து, தலையைக் கோதி விட்டாள்.

மாக்கிறட் பள்ளிமுனைக்குள் வந்தாள். ஒழுங்கை முழுக்க ஒரு சத்தமில்லை. எல்லா வீட்டிலும் பற்றரிகள் மாதாவின் காலடியில் கிடந்தன. சொல்லிவிடுவோம் என்றுதான் வந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லி, காலில் விழுந்து, அவன் அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் வந்தாள். பஸ்ரியன் படலையில் நின்றுகொண்டிருந்தான். அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கோயிலுக்குப் போகிறதென்றால் போடுகிற சட்டை. அவளுடைய வீங்கின கண்ணைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அழுதிருக்கிறாள், அப்படியென்றால் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

"வந்ததே?" என்றான். "குஞ்சின்ர குரல் வந்ததே?"

அந்த வெளிச்சத்தை ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வரவேயில்லை.

"ஓம்" என்றாள். "வந்தது."

"அழுததும்?"

"அழுததும் வந்தது. விக்கினதும் வந்தது."

"ஆர் வாறது எண்டு நான் கேக்க?"

"ப்பா எண்டவள். வடிவாக் கேட்டது. சனம் சிரிச்சது."

அவன் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். தோள் குலுங்கியது. குழந்தையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த நாள் தொட்டு இறுகிக் கிடந்த மனிசன், இப்போதுதான் அழுகிறான். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு திருப்பிப் போடுவினமே? அப்ப எங்கட வீட்டிலயே பற்றரியைப் போட்டுக் கேக்கலாம். இனி எனக்குப் பயமில்லை. அவள் அதுக்குள்ள இருக்கிறாளெண்டால் எனக்கென்ன பயம்?"

"போடுவினம் போல" என்றாள் மாக்கிறட். அவளுடைய வாயே அதைச் சொன்னது.

அவன் உள்ளே போனான். அலுமாரிக்கு மேலிருந்து கிற்றாரை இறக்கி, ஏணைச் சீலையை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தான். பொழுது படுகிற நேரம். முன்வீட்டில் செபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தபசுகாலம் அல்லவா, அதனால் அவன் வலது உள்ளங்கையைத் தந்திகள் மேல் அமத்தி வைத்துக்கொண்டான், ஒரு சத்தமும் எழவில்லை. இடது கை விரல்கள் மட்டும் கட்டைகளின் மேல் ஏறி இறங்கின. மாக்கிறட் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த விரல்களைப் பார்த்தாள். எத்தனையோ இரவுகள் ஏணைக்குப் பக்கத்திலிருந்து பார்த்த விரல்கள், பாட்டு எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியும். வள்ளம் வந்து சேர்ந்தது. வாடைக்காற்று பொறுத்து வீசியது. கேள்விக்குரிய இடத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. பஸ்ரியன் தலையை நிமிர்த்தி, அன்று மேடை விளிம்பில் இருந்து பார்த்ததுபோலவே சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்தான்.